அவர் பெயரில் நான் கொடுத்த சம்மதம்

அந்த வரியை நான் படித்திருந்தேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். “எனக்கும் தெரியாதுங்க” என்று பிறகு நான் சாஃப்ட்வேரை வாங்கியவரிடம் சொன்னது பொய். நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் இந்த உரிமத்தை வேறொருவருக்கு மாற்றக் கூடாது என்று அந்த சாஃப்ட்வேரின் ஒப்பந்தத்தில் இருந்தது. டீலர் பயிற்சிக்குப் போனபோது அதை அச்சிட்டுக் கையில் கொடுத்தார்கள். அந்தப் பத்திக்குப் பக்கத்தில் பேனாவால் கோடு போட்டு வைத்தவன் நான்.

திருப்பூரில் எம்பிராய்டரி யூனிட்டுகளுக்கு பஞ்சிங் சாஃப்ட்வேர் விற்பது என் தொழில். பனியன் கம்பெனி அனுப்பும் படத்தைத் தையலாக மாற்றும் வேலைக்குத்தான் பஞ்சிங் என்று பெயர். ஒரு முயல் படம் வந்தால், அதன் காதில் தையல் எந்தப் பக்கமாக ஓட வேண்டும், நூல் எவ்வளவு நெருக்கமாக விழ வேண்டும், துணி இழுபடும் என்பதால் ஓரத்தை எவ்வளவு தள்ளிப் போட வேண்டும் என்று கணினியில் ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். மிஷின் ஓட்டச் சில வாரங்களில் பழகிவிடலாம். பஞ்சிங் கைக்கு வர வருடங்கள் ஆகும். அதற்கான நல்ல சாஃப்ட்வேர் லட்சங்களில் விற்கிறது. கூடவே யூஎஸ்பியில் செருகும் சின்ன லாக் ஒன்று வரும். அது செருகியிருந்தால்தான் சாஃப்ட்வேர் திறக்கும். லாக் தொலைந்தால் சாஃப்ட்வேரே தொலைந்ததாகக் கணக்கு, முழு விலை கொடுத்துத்தான் மறுபடி வாங்க வேண்டும். நான் விற்றதில் அப்படி ஒரு விதி இருந்தது. வாங்குகிறவர்களிடம் அதை நான் சொன்னதில்லை.

2021இல் கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்த நேரம். ஒரு யூனிட்டை மூடினார்கள். சாஃப்ட்வேரையும் லாக்கையும் யாருக்காவது தள்ளிவிடச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். அதே சமயம் ஒரு அக்கா என்னைத் தேடி வந்தார். அவருடைய பெயரையும் பகுதியையும் நான் எழுதப் போவதில்லை. வேறொருவர் யூனிட்டில் பல வருடம் பஞ்சிங் செய்தவர். அவரும் வீட்டுக்காரரும் சேர்ந்து பழைய சிங்கிள் ஹெட் மிஷின் ஒன்றை வாங்கி, வீட்டு முன்னறையிலேயே ஜாப் ஒர்க் தொடங்கியிருந்தார்கள். புது சாஃப்ட்வேர் 3 லட்சத்துக்கு மேல். அவ்வளவு அவரிடம் இல்லை. திருப்பூரில் கிராக் வெர்ஷனுக்குப் பஞ்சமில்லை, சில ஆயிரத்தில் போட்டுத் தர ஆள் உண்டு. அவர் வேண்டாம் என்றார். “கம்பெனிக்காரங்க ஆடிட்டுக்கு வந்தா கேப்பாங்க தம்பி. அதுவுமில்லாம, தொழிலைத் திருட்டுல ஆரம்பிக்க வேண்டாமுங்க.”

மூடிய யூனிட்டின் சாஃப்ட்வேரை அவருக்கு 1,20,000 ரூபாய்க்கு விற்றேன். அதில் 20,000 என் கமிஷன். நகையை அடகு வைத்துப் பணம் கொண்டுவந்தார். முறையான பில் போடவில்லை. “சாஃப்ட்வேர் மற்றும் லாக்” என்று ஒரு துண்டு ரசீதில் எழுதிக் கொடுத்தேன்.

பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு அவர் ஒன்று கேட்டார். “என்ற பேருக்கு மாத்தித் தருவாங்களா தம்பி?”

சரியான கேள்வி. கேட்க வேண்டிய ஒரே கேள்வி. அதற்கு நான் சொன்ன பதில்: “அதெல்லாம் ஃபார்மாலிட்டிங்க்கா. லாக் யாருகிட்ட இருக்குதோ அவங்கதான் ஓனர்.”

நிறுவனத்துக்கு ஒரு மெயில் போட்டிருந்தால் போதும். பழைய உரிமையாளர் மூடுகிறார், இவர் வாங்குகிறார், பெயர் மாற்றித் தாருங்கள் என்று நாலு வரி. நான் போடவில்லை. மறுத்துவிடுவார்களோ என்று பயம். மாற்றக் கட்டணம் கேட்டால் அது என் கமிஷனில் கை வைக்கும். எல்லாவற்றையும் விட, புதுசு விற்க வேண்டிய டீலர் பழசை விற்றான் என்று தெரிந்தால் டீலர்ஷிப் போய்விடும் என்ற அச்சம். இந்த மூன்றையும் அந்த நிமிடத்தில் மனசுக்குள் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் அவர் வரவே இல்லை.

மறுநாள் இன்ஸ்டால் செய்யப் போனேன். திரையில் ஒப்பந்தம் வந்தது. பொடி எழுத்தில் ஆங்கிலம். கடைசிவரை நகர்த்தி, ஏற்கிறேன் என்ற கட்டத்தில் டிக் போட்டால்தான் அடுத்த பொத்தான் உயிர்பெறும். அக்கா டீ போட அடுப்படிக்குப் போயிருந்தார். வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்து, “இவ்வளவு எழுதியிருக்குதே, என்னங்க தம்பி அது?” என்றார். “எல்லா சாஃப்ட்வேர்லயும் வர்றதுதானுங்க்கா” என்றேன். ஓரத்துப் பட்டையைப் பிடித்து ஒரே இழுப்பில் கீழே இறக்கினேன். நான் கோடு போட்டு வைத்த பத்தி கண்ணெதிரே ஓடி மறைந்தது. டிக் போட்டேன். அழுத்தினேன். அடுத்த திரையில் உரிமம் பெற்றவர் என்ற இடத்தில் மூடிய யூனிட்டின் பெயர் இருந்தது. அதை அப்படியே விட்டேன். மாற்றினால் விவரம் நிறுவனத்துக்குப் போகும் என்று எனக்குத் தெரியும்.

தவறு நடந்த இடம் அதுதான். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. எழுந்து போய், “அக்கா, இதுல இப்படி ஒரு விதி இருக்குது, பேர் மாறலைன்னா நாளைக்கு லாக் கெட்டா தர மாட்டாங்க” என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. தமிழும் இருந்தது. அவர் காதில் விழும் தூரத்தில்தான் நின்றார்.

பணம் மட்டும் காரணமில்லை. திமிரும் உண்டு. அந்த யூனிட்டுகளில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு மரியாதை. எது கேட்டாலும் டக்கென்று பதில் சொல்கிறவன் என்ற பெயர். “இருங்க, கம்பெனியில கேட்டுச் சொல்றேன்” என்பது என் வாயில் வராது. கேட்டுச் சொல்வது கௌரவக் குறைச்சல் என்று நினைத்தேன். இதே பதிலை, இதே குரலில் வேறு பலருக்கும் சொல்லியிருக்கிறேன். அவர்களுடைய லாக் கெடவில்லை. அதனால் அவர்கள் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2022 செப்டம்பரில் அக்காவின் லாக் கெட்டது. செருகினால் விளக்கு எரியவில்லை. லாக் இல்லை என்று திரையில் வந்தது. தீபாவளிக்கு முந்தைய சீசன். குழந்தைகள் டி-ஷர்ட்டுக்கு ஒரு முயல் டிசைனை அவர்தான் பஞ்சிங் செய்து, சாம்பிள் கொடுத்து, ஓகே வாங்கியிருந்தார். பையர் தரப்பில், படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கி நெஞ்சுக்கு மேலே ஏற்றச் சொன்னார்கள். சாஃப்ட்வேர் இருந்தால் சிறிய வேலை.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். மிஷினுக்குள் போவது டிஎஸ்டி ஃபைல். அதில் பெரும்பாலும் ஊசி எங்கே இறங்க வேண்டும் என்ற தகவல்தான் இருக்கும். அதைச் சுருக்கினால் தையல் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி நூல் அறும், துணி சுருங்கும். திருத்த வேண்டுமானால் மூல ஃபைல் வேண்டும். மூல ஃபைலை அந்த சாஃப்ட்வேர்தான் திறக்கும். சாஃப்ட்வேரை அந்த லாக்தான் திறக்கும். ஓராண்டுக்கு மேல் அவர் இராத்திரி கண்விழித்து வரைந்த டிசைன்கள் எல்லாம் அவர் கணினியிலேயே இருந்தன. ஒன்றைக்கூட அவரால் திறக்க முடியவில்லை. ஒப்பந்தம் சாஃப்ட்வேரை நிறுவனத்தின் சொத்து என்றது. சரி. அந்த முயல் யாருடைய சொத்து? அதை வரைந்தவருக்கு அது இல்லாமல் போனது என் வேலையால்.

நிறுவனத்துக்கு எழுதினோம். பதில் சுருக்கமாக வந்தது. உரிமம் இவர் பெயரில் இல்லை, மாற்று லாக் தர முடியாது, அனுமதியில்லாமல் பயன்படுத்தியதே ஒப்பந்த மீறல். வாங்கிய காலத்திலேயே முறையாக விண்ணப்பித்திருந்தால் பெயர் மாற்றத்தைப் பரிசீலித்திருப்போம் என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியை அக்காவுக்குத் தமிழில் சொல்லும்போது நான் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் பேசியது இன்னும் கேவலம். “ஒப்பந்தத்துக்கு நீங்கதானுங்க்கா சம்மதம் கொடுத்திருக்கீங்க” என்றேன்.

“நானுங்களா? நீங்கதான தம்பி அமுத்துனீங்க?”

“உங்க கம்ப்யூட்டர்ல உங்களுக்காகத்தானுங்க்கா அமுத்துனேன்.”

அவர் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் எழுந்து வெளியே போனார். நான் வாய் மூடியிருக்கலாம். மூடாமல், “வேணும்னா ஒரு கிராக் போட்டுத் தர்றேன்” என்றேன். திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. நேர்மையாக இருக்க வேண்டும் என்று நகையை அடகு வைத்தவரிடம் அதைத்தான் நீட்டினேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

சில வாரம் கழித்து, கல்லூரியில் படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். அந்தப் பெண் ஒரு நோட்டுத் தாளில் மூன்று விஷயங்களை எழுதியிருந்தாள். சாஃப்ட்வேரை விற்றது நான். மாற்றக் கூடாது என்ற விதியைச் சொல்லாதது நான். ஒப்பந்தத்தில் டிக் போட்டது நான். இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றாள். மூன்றும் உண்மை. தருகிறேன் என்றேன். தரவில்லை.

வக்கீல் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். அவர் சட்டத்தை எடுத்துக் காட்டினார். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வணிகத்துக்காக வாங்குகிறவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்குகிறவர் நுகர்வோர்தான், சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. நியாயமற்ற ஒப்பந்தம் என்று முதன்முறையாக ஒரு தனி வகையையும் அந்தச் சட்டம் சேர்த்தது. நுகர்வோர் மீது முறையற்ற கட்டணமோ கடமையோ நிபந்தனையோ சுமத்துவது அதில் வரும். நுகர்வோருக்குப் பாதகமாக, அவர் சம்மதம் இல்லாமல் ஒப்பந்தத்தைப் பிறருக்கு மாற்றிக்கொள்ள ஒரு தரப்புக்கு இடம் தருவதும் வரும். நான் விற்ற ஒப்பந்தத்தில் நிறுவனம் தன் உரிமையை யாருக்கு வேண்டுமானாலும் மாற்றலாம், வாங்கியவர் மட்டும் மாற்றக் கூடாது என்று இருந்தது. இப்படிப்பட்ட விதியைச் செல்லாது என்று அறிவிக்கச் சென்னையிலுள்ள மாநில ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

“நிறுவனத்தோட விதி நிக்குமா நிக்காதாங்கிறது அப்புறம்” என்றார் நண்பர். “அந்தம்மா கேஸ் போட்டா முதல் எதிர்மனுதாரர் நீதான். பொருளைப் பத்தின உண்மையை மறைச்சு வித்தவன் நீ.” இன்னொன்றும் சொன்னார். வழக்குக்கான காரணம் எழுந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

அந்த 2 ஆண்டுக் கணக்கு எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது. மகள் ஃபோன் செய்யும்போதெல்லாம் “கம்பெனியில பேசிட்டிருக்கேன்மா, முடிஞ்சிரும்” என்றேன். யாரிடமும் பேசவில்லை. ஒரு கட்டத்தில் அவள் கூப்பிடுவதை நிறுத்தினாள். நான் நிம்மதியடைந்தேன். அந்த நிம்மதியையும் இங்கே எழுதியாக வேண்டும்.

இடையில் என்னைத் தேற்றிக்கொள்ள வெளிநாட்டு வழக்குகளைப் படித்தேன். சொன்னால் அறிவுத் தேடல் மாதிரி இருக்கும். நான் தேடியது சாக்கு. அமெரிக்காவில் வெர்னர் என்பவர், ஒரு கட்டடக்கலை நிறுவனத்திடமிருந்து ஆட்டோகேட் வெளியீடு 14இன் பழைய பிரதிகளை வாங்கி ஈபேயில் விற்றார். ஆட்டோகேட் நிறுவனமான ஆட்டோடெஸ்க் தடுத்தது. வாங்கிய பொருளை விற்கிறார், தப்பில்லை என்று கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2010 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. உரிமம் என்று ஒப்பந்தம் சொன்னால், பிறருக்கு மாற்றுவதை அது பெரிதும் கட்டுப்படுத்தினால், பயன்பாட்டுக்கும் குறிப்பிடத்தக்க தடைகள் போட்டால், அது விற்பனை ஆகாது என்றது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. உலகமே இப்படித்தான், நான் என்ன செய்ய முடியும் என்று சொல்லிக்கொண்டேன்.

அதற்குமேல் படித்திருக்கக் கூடாது, படித்துவிட்டேன். 2012 ஜூலை 3ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் யூஸ்டுசாஃப்ட் எதிர் ஆரக்கிள் வழக்கில் நேர்மாறாகச் சொன்னது. பணம் வாங்கிக்கொண்டு காலவரையின்றிப் பயன்படுத்தும் உரிமையைக் கொடுத்துவிட்டால் அது விற்பனைதான். முதலில் வாங்கியவர் தன் பிரதியைச் செயலிழக்கச் செய்துவிட்டு மற்றவருக்கு விற்கலாம், நிறுவனம் தடுக்க முடியாது. லாக் பற்றியே அமெரிக்காவில் ஒரு விலக்கு இருந்தது. பழுதானதாலோ சேதமானதாலோ லாக் வேலை செய்யவில்லை, மாற்றவோ சரிசெய்யவோ சந்தையில் வழியும் இல்லை என்றால், அந்தப் பூட்டைத் தாண்டிச் செல்வது சட்டமீறல் ஆகாது என்று 2003, 2006, 2010 ஆகிய ஆண்டுகளில் அறிவித்தார்கள். லாக் கெடும், கெட்டால் நேர்மையான ஆள் தெருவில் நிற்பார் என்று அங்கே யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வெர்னர் வழக்கை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டேன்.

நம் நாட்டிலும் இது ஒரே முகமாக இல்லை. சிடியில் வரும் ரெடிமேட் சாஃப்ட்வேர் ஒரு சரக்கு, அதற்கு விற்பனை வரி உண்டு என்று 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021 மார்ச் 2ஆம் தேதி வருமான வரி வழக்கு ஒன்றில், இந்த மாதிரி ஒப்பந்தங்களின்படி சாஃப்ட்வேருக்குக் கொடுக்கும் பணம் பதிப்புரிமைக்கான ராயல்டி ஆகாது என்றும் தீர்ப்பளித்தது. இரண்டும் வரி வழக்குகள். அவற்றை வைத்து லாக் பிரச்சினையைத் தீர்க்க முடியாது. ஆனால் எனக்கு உறைத்தது வேறு. புது சாஃப்ட்வேருக்கு நான் 18 சதவீத ஜிஎஸ்டி போட்டு பில் கொடுக்கும்போது வாங்குகிறவரிடம் விற்பனை என்றே பேசுவேன். பணம் கைமாறும்வரை அது அவர் வாங்கும் பொருள். ஏதாவது கெட்டுப்போய் அவர் திரும்பி வந்தால், “அது வெறும் லைசென்ஸ்ங்க” என்பேன். இந்த நாக்கு மாற்றம் என் தொழில் முழுக்க இருந்தது. நிறுவனம் எழுதிய விதியை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பிக்க முடியாது. அந்த விதியை வாங்குகிறவர் கண்ணில் படாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் கை என்னுடையதாக இருந்தது.

அக்காவுக்கு அந்த ஆர்டர் போனது. அதோடு அந்த பனியன் கம்பெனியும் போனது, சீசனில் கைவிட்டவருக்கு மறுபடி வேலை தரமாட்டார்கள். வெளியே பஞ்சிங் கொடுத்து வாங்கிச் சில மாதம் ஓட்டிப் பார்த்தார். ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்று வாங்கும் கூலியில் அது கட்டுப்படியாகவில்லை. அடகு நகையை மீட்க மிஷினை விற்றார். இப்போது வேறொருவர் யூனிட்டில் மாதச் சம்பளத்துக்கு பஞ்சிங் செய்கிறார், முதலில் எங்கிருந்து கிளம்பினாரோ அதே வேலை.

2024 செப்டம்பரோடு 2 ஆண்டு முடிந்தது. அதற்குப் பிறகுதான் நான் கடிதம் எழுதினேன். ஆபத்து குறைந்த பின் வந்த தைரியம் இது. இதற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம். மூன்று விஷயத்தையும் எழுதி, நிறுவனத்தின் மெயிலில் நான் மறைத்த வரியையும் சேர்த்து, கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கமிஷன் 20,000 ரூபாயையும் வைத்தேன். அக்கா எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு அதற்கு ஒரு ரசீது எழுதிக் கொடுத்தார். உட்காரச் சொல்லவில்லை. மகள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். “இதை அப்பவே குடுத்திருக்கலாமே, சார்” என்றாள். முன்பெல்லாம் அவள் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் காலக்கெடுவைத் தாண்டியும் புகாரை ஏற்கலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது. தாமதத்துக்குக் காரணம் நான் என்பதும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. அவர்கள் போவார்களா என்று எனக்குத் தெரியாது. போனால் நான் மறுத்து வாதாடப் போவதில்லை.

சாஃப்ட்வேர் விற்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாங்குகிறவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, யார் பெயரில் உரிமம், மாற்ற முடியுமா, லாக் கெட்டால் என்ன ஆகும் என்ற மூன்றையும் தமிழில் சொல்லிவிட்டு, மவுஸை அவர் கையில் கொடுங்கள். வாங்குகிறவர்களுக்கு: பழைய சாஃப்ட்வேர் என்றால் பெயர் மாற்றத்துக்கு நிறுவனத்தின் மெயில் வந்த பிறகு பணம் கொடுங்கள். “ஃபார்மாலிட்டிதாங்க” என்று ஒருவர் சொன்னால் அதையே எழுதித் தரச் சொல்லுங்கள். உங்களுக்காக வேறு யாராவது சம்மதம் அழுத்தியிருந்தால் தேதியையும் ஆளையும் குறித்து வையுங்கள். ஏமாற்றப்பட்டிருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். 2 ஆண்டு என்பது விற்றவருக்குத் தெரியும், அவர் உங்களிடம் சொல்ல மாட்டார்.